ஜூனில் தீஞ் போக வீடு பிடிக்கிறீர்களா? பணம் கட்டும் முன் இதைப் படியுங்கள்

பிரான்சின் சவ்வா பகுதியில் 2,100 மீட்டர் உயரத்தில் இருக்கும் தீஞ், பனிச்சறுக்கை நம்பி வாழும் ஊர். கோடையில் நடப்பதற்கும் அருமையான இடம். வனுவாஸ் தேசியப் பூங்கா பக்கத்திலேயே தொடங்குகிறது, நல்ல பாதைகள் உண்டு. ஊரைப் பற்றி எங்களுக்குக் குறையே இல்லை. அங்குள்ள வீடுகளை ஜூன் மாதத்தில் வாடகைக்குத் தள்ளிவிடும் ஏஜென்சிகள் சிலவற்றைப் பற்றித்தான் இந்த எச்சரிக்கை. எங்கள் நடைக்குழுவைச் சேர்ந்த ஒரு குடும்பம், இரண்டு பெரியவர்களும் இரண்டு பிள்ளைகளும், இந்த ஜூனில் அப்படி ஓர் ஏஜென்சியிடம் மாட்டிக்கொண்டது.

விளம்பரத்தில் இருந்தவை: மலைமேல் ஏற்றிச் செல்லும் கம்பிவட லிஃப்ட் 100 மீட்டரில், சூடேற்றிய நீச்சல் குளம், கட்டடத்தின் கீழேயே கடை, முழு வசதியுள்ள சமையலறை. ஜூன் நடுவில் போய் இறங்கியபோது லிஃப்ட் ஓடவில்லை. குளத்தில் தண்ணீரே இல்லை. கடை ஷட்டர் இறங்கியிருந்தது. அலுவலகத்தில் கேட்டதற்கு, "லிஃப்ட் 100 மீட்டரில் இருக்கிறது என்றுதான் போட்டோம், ஓடும் என்று போடவில்லையே" என்று பதில். இது தெரியாமல் நடந்த தவறு அல்ல. ஊரில் எது எப்போது திறக்கும் என்பது ஏஜென்சிக்கு அத்துப்படி.

இப்படிப்பட்ட ஊர்களுக்கு ஆண்டில் இரண்டு சீசன்தான். குளிர்கால லிஃப்ட்கள் வசந்தத்தில் நின்றுவிடும். பிறகு கம்பிவடத்தையும் இயந்திரங்களையும் சோதித்துப் பழுது பார்ப்பார்கள். சீசன் ஊழியர்கள் ஊரை விட்டுப் போய்விடுவார்கள். தீஞ்சிலும் அடுத்துள்ள வால் டிசேரிலும் கோடை லிஃப்ட்கள் பொதுவாக ஜூன் கடைசியிலோ ஜூலை தொடக்கத்திலோதான் ஓடத் தொடங்கும். ஆகஸ்ட் கடைசியிலோ செப்டம்பர் தொடக்கத்திலோ நின்றுவிடும். இடைப்பட்ட வாரங்களில் பெரும்பாலான உணவகங்களும் கடைகளும் மூடித்தான் கிடக்கும். ஆகவே "லிஃப்ட் இருக்கிறதா" என்று கேட்காதீர்கள். "நாங்கள் தங்கும் இந்தத் தேதிகளில் எந்தெந்த லிஃப்ட் ஓடும், குளம் திறந்திருக்குமா, மளிகைக் கடை எது திறந்திருக்கும்" என்று மின்னஞ்சலில் கேட்டு, எழுத்தில் பதில் வாங்குங்கள். தொலைபேசியில் சொன்னது பிறகு எதற்கும் உதவாது. லிஃப்ட் தேதியை ஊரின் சுற்றுலா அலுவலகத்திடமும் ஒருமுறை உறுதி செய்யுங்கள்.

பஸ்ஸும் அப்படித்தான். ரயில் பூர் சன் மோரீஸ் வரைதான் வரும். அங்கிருந்து ஏறத்தாழ 30 கிலோமீட்டர் மலைச் சாலை. குளிர்காலத்தில் அடிக்கடி பஸ் உண்டு. இடைக்காலத்தில் நாளைக்குச் சில பஸ்கள்தான். கடைசி பஸ்ஸை விட்டால் டாக்சிக்குத் தாராளமாகச் செலவாகும். மளிகையைக் கீழே பூர் சன் மோரீஸிலேயே வாங்கிக்கொண்டு ஏறுங்கள். 2,100 மீட்டரில் தண்ணீர் சுமார் 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். திறந்த பாத்திரத்தில் துவரம்பருப்பு லேசில் வேகாது, குக்கர் வேண்டும். ஆனால் சமையலறையில் இருப்பது இண்டக்ஷன் அடுப்பா என்று முன்பே கேட்டுவிடுங்கள். சாதாரண அலுமினிய குக்கர் அதில் சூடேறாது.

இந்தக் குடும்பத்துக்கு நடந்ததில் எங்களுக்கு அதிகம் கோபம் மூட்டியது பணம் அல்ல. சாவியோடு ஏஜென்சி ஒரு நகலெடுத்த வரைபடமும் கொடுத்தது. கோல் து பாலே கணவாய்ப் பாதையில் "எளிது, குடும்பத்துக்கு ஏற்றது" என்று டிக் போட்டிருந்தது. அந்தக் கணவாய் 2,652 மீட்டர். தீஞ்சின் ஒரு பகுதியான வால் கிளாரேயிலிருந்து சுமார் 550 மீட்டர் ஏற்றம். ஆகஸ்டில் பிள்ளைகளோடும் இரண்டு, இரண்டரை மணி நேரத்தில் ஏறிவிடலாம். ஜூன் நடுவில் கதை வேறு. நிழல் விழும் சரிவுகளில் பழைய பனி அப்படியே கிடக்கும். இரவில் இறுகி, காலையில் கண்ணாடிபோல் இருக்கும். சறுக்கினால் கீழே பாறை வரை பிடிமானம் கிடையாது. மதியத்தில் இளகி, முழங்கால் வரை கால் புதையும். ஓடைகளின் மேல் நிற்கும் பனிப்பாலத்தை அடியில் ஓடும் தண்ணீர் அரித்திருக்கும். மேலே நின்று பார்த்தால் தெரியாது. பாதை அடையாளங்களும் பனிக்கடியில் போய்விடும். 2,758 மீட்டரில் உள்ள கோல் த லா லெய்ஸ் பாதையில் ஜூலையிலும் பனி கிடக்கலாம். அந்தக் குடும்பம் முதல் பனிச் சரிவிலேயே திரும்பிவிட்டது, நல்லவேளை.

வாடகை ஏஜென்சி கொடுக்கும் தாளை நம்பி மலை ஏறாதீர்கள். பிரெஞ்சு நிலவரைபட நிறுவனமான ஐஜிஎன் வெளியிடும் 1:25,000 அளவு வரைபடம், எண் 3633 ஈடி, இந்தப் பகுதி முழுவதையும் காட்டும். அதை வாங்கிக்கொள்ளுங்கள். பனி நிலவரத்தை முந்தைய நாள் சுற்றுலா அலுவலகத்திலோ, மலைவிடுதிக் காப்பாளரிடமோ கேளுங்கள். ஜூனில் பள்ளத்தாக்குப் பாதைகளும் வெயில் படும் தெற்குச் சரிவுகளுமே பாதுகாப்பு.

இனி டெபாசிட். வீட்டைக் காலி செய்த நாளில் ஏஜென்சி ஆள் ஓவனின் தட்டை வெளியே இழுத்துப் பார்த்தான், ஃப்ரிட்ஜ் கதவு ரப்பரை விரலால் தடவினான், பட்டியலை வைத்துக் கரண்டிகளை எண்ணினான். "இரண்டு ஸ்பூன் குறைகிறது, அடுப்புக் கண்ணாடியில் கீறல், சுத்தம் போதாது" என்று 145 யூரோ பிடித்தம். இறுதிச் சுத்தத்துக்குத் தனியாகப் பணம் கட்டியிருந்தும் இந்தப் பிடித்தம். பல ஒப்பந்தங்களில் அந்தக் கட்டணம் சமையல் மூலையையும் குப்பையையும் சேர்க்காது. பொடி எழுத்தில் இருக்கும், படியுங்கள். சாவி வாங்கிய அரை மணி நேரத்துக்குள், பெட்டியைத் திறப்பதற்கு முன், வீடியோ எடுங்கள்: அடுப்புக் கண்ணாடியை வெளிச்சம் சாய்வாக விழும்படி, ஓவனின் உள்பக்கம், ஃப்ரிட்ஜ், மெத்தை, குளியலறை வடிகால், இழுப்பறைகள். குறைகளை ஒப்பந்தம் சொல்லும் கெடுவுக்குள், பெரும்பாலும் 24 அல்லது 48 மணி நேரம், மின்னஞ்சலில் அனுப்புங்கள். பில்லில் சுற்றுலா வரியையும் சரிபாருங்கள். பிரான்சில் 18 வயதுக்குக் கீழ் உள்ளவர்களுக்கு அது கிடையாது. இவர்களிடம் நான்கு பேருக்கும் வாங்கிவிட்டார்கள்.

முன்பணம் கட்டும்போது ஒப்பந்தத்தில் எந்தச் சொல் இருக்கிறது என்று பாருங்கள். 'ஆர்' (arrhes) என்று இருந்தால், நீங்கள் ரத்து செய்தால் அந்தப் பணம் மட்டும் போகும். வீட்டுக்காரர் ரத்து செய்தால் இரண்டு மடங்காகத் திருப்பித் தர வேண்டும். 'அக்கோந்த்' (acompte) என்று இருந்தால் இரு தரப்பும் கட்டுப்பட்டவர்கள். நீங்கள் விலகினாலும் அவர்கள் முழு வாடகையைக் கேட்கலாம். இணையத்தில் பொருள் வாங்கினால் கிடைக்கும் 14 நாள் விலகல் உரிமை, தேதி குறித்த தங்குமிடப் பதிவுக்குப் பொருந்தாது. தள்ளுபடி தருகிறேன் என்று பதிவு செய்யும் தளத்துக்கு வெளியே வங்கிக் கணக்குக்கு நேரடியாக அனுப்பச் சொன்னால் அனுப்பாதீர்கள். கார்டில் கட்டினால் வங்கி மூலம் பணத்தைத் திரும்பக் கேட்கவாவது (சார்ஜ்பேக்) வழி இருக்கிறது.

ஏமாந்த பிறகு: முதலில் ஏஜென்சிக்குப் படங்களோடு எழுத்துப்பூர்வமான புகார். பலன் இல்லையென்றால், அவர்களுடைய விதிமுறைகளில் நுகர்வோர் சமரசர் யார் என்று இருக்க வேண்டும். ஏஜென்சிக்குப் புகார் எழுதிய நாளிலிருந்து ஓர் ஆண்டுக்குள் அவரிடம் போகலாம், நுகர்வோருக்குக் கட்டணம் இல்லை. பிரெஞ்சு அரசின் சிக்னல்கான்சோ தளத்திலும் பதியுங்கள். ஜெர்மனி போன்ற வேறு ஐரோப்பிய ஒன்றிய நாட்டில் இருப்பவர்களுக்கு ஐரோப்பிய நுகர்வோர் மையம் இலவசமாக உதவும். சுவிஸில் இருக்கும் நம் மக்களுக்கு அந்த மையம் இல்லை. கார்டு வங்கியும் சமரசரும்தான் வழி.

இந்தக் குடும்பத்துக்கு வீடியோ இருந்ததால் 145 யூரோவும் பிள்ளைகளின் வரியும் திரும்பி வந்தன. வாடகையில் ஒரு யூரோகூடக் குறையவில்லை, ஏனென்றால் லிஃப்ட், குளம் பற்றி எழுத்தில் எதுவும் வாங்கி வைத்திருக்கவில்லை. புகார் இப்போது சமரசரிடம் இருக்கிறது.