45 நாளில் அரபியா? பணம் கட்டும் முன் இதைப் படியுங்கள்

சவூதி விசா வந்த கையோடு, அங்கே போய் ஊமை மாதிரி நிற்கக் கூடாதே என்று ஆன்லைனில் ஓர் அரபி வகுப்பில் சேர்ந்தேன். '45 நாளில் வளைகுடாப் பேச்சு அரபி, சான்றிதழுடன்.' கட்டணம் 6,500 ரூபாய். நேரடி வகுப்பு என்றார்கள். வந்தது பழைய வீடியோக்களும், அரபிச் சொற்களைத் தமிழில் எழுதிய ஒரு பிடிஎஃப்பும்தான். 28 எழுத்தில் ஒன்றைக்கூடத் தொடவில்லை. கேட்டதற்கு, "பேசத்தானே போறீங்க பிரதர், எழுத்து எதுக்கு?" என்றார் வகுப்பு நடத்தியவர்.

சவூதியின் தம்மாம் நகரில் ஒரு பகாலாவில், அதாவது மளிகைக் கடையில், வேலை. முதல் வாரம் கடைக்கு வந்தவரிடம் "மாதா துரீத்?" என்றேன். கூட வந்த பையன் சிரித்துவிட்டான். அது ஃபுஸ்ஹா, செய்தி வாசிக்கிற அரபி. காய்கறிக் கடையில் "தங்களுக்கு யாது வேண்டும்?" என்று கேட்ட கதை. இங்கே "எய்ஷ் தபி?" என்பார்கள். 'இப்போது' என்பதற்கு பிடிஎஃப்பில் அல்ஆன், கடையில் அல்ஹீன். ஃபுஸ்ஹாவில் குறையில்லை, பேப்பர் படிக்க, புத்தகம் படிக்க அதுதான் வேண்டும். வளைகுடாப் பேச்சு என்று சொல்லி அதைத் தலையில் கட்டியதுதான் மோசடி.

எழுத்து தெரியாமல் பட்டது தனி. பெரியவர் ஒருவர் பேரீச்சம்பழம் கொடுத்தார். மனசார நன்றி சொல்ல நினைத்து "ஷுக்ரன், மின் கல்பீ" என்றேன். முகம் மாறிவிட்டது. இதயத்துக்கு வரும் 'க' உள்நாக்குப் பக்கமிருந்து எழும் வேறு எழுத்து. நம் சாதாரண 'க' போட்டால் நாய். தமிழில் எழுதினால் இரண்டும் ஒரே 'கல்ப்'. இந்த ஊர்ப் பேச்சில் இதயத்தை, கங்கையில் வரும் 'க' போலச் சொல்கிறார்கள் என்று கூட வேலை செய்யும் மலையாளிச் சேட்டன் அப்புறம் சொல்லிக்கொடுத்தார்.

விலைச்சீட்டு இன்னொரு கூத்து. அரபி எண்ணில் 5 நம் சுழியம் மாதிரி இருக்கும், சுழியமோ வெறும் புள்ளி. 5 ரியால் என்று எழுதியிருந்ததை, விலையே போடவில்லை என்று நினைத்து முதலாளியிடம் போய் நின்றேன்.

சேரும் முன் எந்த ஊர்ப் பேச்சு என்று கேளுங்கள். வாத்தியாரைப் பத்து நிமிடம் நேரில் பேச விட்டுப் பாருங்கள். மதரஸாவில் ஓதிப் பழகியவர்களுக்கு எழுத்து ஏற்கெனவே கையில் இருக்கிறது, எழுத்துக்கென்று தனியாகக் காசு கொடுக்க வேண்டாம்.

பணத்தைத் திருப்பிக் கேட்டேன், குரூப்பிலிருந்து தூக்கிவிட்டார்கள். போன வாரம் அவர்கள் விளம்பரம் கண்ணில் பட்டது. 'வெற்றி பெற்ற மாணவர்கள்' வரிசையில் என் போட்டோவும் இருக்கிறது.