பணம் முதலில் யார் கையில் விழுந்தது?

கொரோனா முடக்கிய பொருளாதாரத்தைத் தூக்கி நிறுத்த, 2020 மே மாதம் இந்தியா 20 லட்சம் கோடி ரூபாய் மீட்புத் திட்டத்தை அறிவித்தது. அதற்கு முன்பே, மார்ச்சில், அமெரிக்கா சுமார் 2.2 லட்சம் கோடி டாலருக்குச் சட்டம் இயற்றிவிட்டது. இரண்டையும் அருகருகே வைத்து எது பெரிது என்று பார்ப்பதில் அர்த்தமில்லை. அமெரிக்கத் தொகையில் பெரும்பகுதி கஜானாவிலிருந்து வெளியே போன காசு. இந்தியத் தொகையிலோ ரிசர்வ் வங்கி ஏற்கெனவே எடுத்திருந்த பணப்புழக்க நடவடிக்கைகளும், வங்கிக் கடனுக்கு அரசு நின்ற ஜாமீனும் சேர்ந்தே இருந்தன. ஜாமீன் கையெழுத்தும் ரொக்கமும் ஒன்றாகுமா? அதனால் தொகையை விட்டுவிட்டு, பணம் முதலில் யார் கையில் விழுந்தது என்று பார்ப்போம்.

குடிமக்கள் கையில் நேரடியாகக் கொடுத்தது அமெரிக்கா. பெரியவர் ஒருவருக்கு முதலில் 1,200 டாலர், பிறகு 600, அப்புறம் 2021 மார்ச்சில் 1,400. வருமான வரிப் பதிவுகளில் வங்கிக் கணக்கு எண் இருந்ததால், பலருக்குச் சில வாரங்களிலேயே பணம் வந்துவிட்டது. வேலை இழந்தவர், இழக்காதவர் என்று பார்க்காமல், வருமான உச்சவரம்பு ஒன்றை மட்டும் வைத்துக் கொடுத்தது இதன் குறை. மூன்றாவது தவணை வந்தபோது பொருளாதாரம் எழுந்து நிற்கத் தொடங்கியிருந்தது. 2022 ஜூனில் அங்கே பணவீக்கம் 9.1 சதவீதத்தைத் தொட்டதும் பழி இதன்மேல் விழுந்தது. கொஞ்சம் பங்கு இருக்கலாம். ஆனால் இப்படி வீட்டுக்கு வீடு காசோலை அனுப்பாத பிரிட்டனில் அதே ஆண்டு அக்டோபரில் 11.1 சதவீதம் வரை போனது. முழுப் பழியையும் இதன் தலையில் கட்டுவது நியாயமில்லை.

அடுத்த வழி, முதலாளி மூலமாகச் சம்பளம். உண்மையான போட்டி இங்கேதான். ஜெர்மனியில் ‘குர்ட்ஸ்ஆர்பைட்’ என்ற குறுகிய வேலைநேரத் திட்டம் பல பத்தாண்டுகளாகவே உண்டு. ஆளை நீக்காமல் வேலைநேரத்தைக் குறைத்தால், இழந்த நிகரச் சம்பளத்தில் 60 சதவீதத்தை அரசு தரும். குழந்தை இருந்தால் 67. 2020-இல் புதிதாக எதையும் கண்டுபிடிக்க வேண்டியிருக்கவில்லை. விதிகளைத் தளர்த்தி, நீண்ட நாள் நீடித்தவர்களுக்கு விகிதத்தைக் கூட்டினார்கள். உச்சத்தில் ஏறத்தாழ 60 லட்சம் பேர் இதில் இருந்தார்கள். கணக்கிடும் முறையில் வேறுபாடு உண்டுதான். ஆனாலும் அமெரிக்காவில் வேலையின்மை கிட்டத்தட்ட 15 சதவீதத்துக்குத் தாவிய அதே ஆண்டில், ஜெர்மனியில் அது ஆறரையைத் தாண்டவில்லை.

பிரிட்டனிடம் அப்படி ஒரு பழைய திட்டம் இல்லை. ஆனால் மாதாமாதம் சம்பளத்தில் வரி பிடித்துக் கணக்குக் காட்டும் ஏற்பாடு இருந்தது. அதன் மேலேயே கட்டினார்கள்: சம்பளத்தில் 80 சதவீதம், மாதம் 2,500 பவுண்டு வரை. அறிவித்த ஒரே மாதத்தில் விண்ணப்பத் தளம் திறந்தது. 1.17 கோடி வேலைகளுக்குச் சுமார் 7,000 கோடி பவுண்டு செலவானது. 2021 செப்டம்பரில் நிறுத்தினால் வேலையின்மை வெடிக்கும் என்று பயந்தார்கள், வெடிக்கவில்லை.

அமெரிக்காவும் சம்பளத்தைக் காக்க முயன்றது. ஆனால் அதை வங்கிக் கடனாகக் கொடுத்தது. பெரும்பகுதியைச் சம்பளத்துக்குச் செலவழித்தால் கடன் தள்ளுபடி. முதலில் ஒதுக்கிய 34,900 கோடி டாலர் 13 நாளில் காலி. கடைசியில் மொத்தம் சுமார் 80,000 கோடி. பொருளாதார அறிஞர் டேவிட் ஆட்டரும் சக ஆய்வாளர்களும் போட்ட கணக்குப்படி, இந்தக் கடன் இல்லாவிட்டால் வேலை இழந்திருக்கக்கூடிய தொழிலாளர்களுக்குப் போனது இதில் 23 முதல் 34 சதவீதம்தான். மீதியில் பெரும்பகுதி நிறுவன உரிமையாளர்களிடமும் அவர்களைச் சார்ந்தவர்களிடமும் நின்றது. யாருக்கு உண்மையில் தேவை என்று பிரித்தறிய நிர்வாக அமைப்பு இல்லாதபோது, கேட்டவனுக்கெல்லாம் கொடுப்பதைத் தவிர வேறு வழியில்லை. இவ்வளவு செலவுக்கு இது மோசமான பேரம் என்பதே என் கருத்து.

மூன்றாவது வழி கடன் உத்தரவாதம். இந்தியா சிறு, நடுத்தரத் தொழில்களுக்கு 3 லட்சம் கோடி ரூபாய்க்கு நூறு சதவீத உத்தரவாதம் தந்தது. பின்னர் தொகையைக் கூட்டியது. அரசுக்கு உடனடிச் செலவு குறைவு என்பதே இதன் கவர்ச்சி. ஆனால் 2020 பிப்ரவரி இறுதியில் நிலுவையிலிருந்த கடனில் 20 சதவீதம் வரை என்பதுதான் தொடக்க விதி. வங்கியை ஏற்கெனவே அறிந்தவருக்கே வாசல் திறந்தது. தவிர, வருமானம் நின்றவருக்குக் கடன் என்பது தள்ளிப்போட்ட சுமை. பிரிட்டன் இதே வழியில் 50,000 பவுண்டு வரை, பெரிய விசாரணை இல்லாமல், சுமார் 4,700 கோடி பவுண்டு கொடுத்தது; மோசடியும் கூடவே புகுந்தது.

ஐரோப்பிய ஒன்றியத்தின் 75,000 கோடி யூரோ நிதியை இவற்றோடு ஓட விடக் கூடாது. அது சீரமைப்புக்கானது. 2020 ஜூலையில் உடன்பாடு. மீட்பு நிதியின் முதல் முன்பணம் நாடுகளுக்குப் போனது 2021 ஆகஸ்டில். 37 சதவீதமாவது காலநிலைக்கு, 20 சதவீதமாவது டிஜிட்டலுக்கு என்ற நிபந்தனை வேறு. இலக்கை எட்டினால்தான் அடுத்த தவணை. கூட்டாக வாங்கிய கடனை அடைத்து முடிக்க 2058 வரை கெடு.

இந்த வழிகளில் ஒன்றைத் தேர்ந்தெடு என்றால் ஜெர்மனியின் வழியைத்தான் சொல்வேன். ஆனால் அது சம்பளச் சீட்டு உள்ளவர்களுக்கே எட்டும். ஜெர்மனியிலேயே ‘மினிஜாப்’ எனப்படும் சிறு வேலைக்காரர்கள் அதற்கு வெளியேதான் நின்றார்கள். பெரும்பாலோர் முறைசாரா வேலையில் இருக்கும் நாட்டில் அது ஓடாது. இந்தியாவில் வேகமாகச் சென்றது ரேஷன் அட்டை வழியாகப் போன தானியம்: சுமார் 80 கோடிப் பேருக்கு, ஆளுக்கு மாதம் 5 கிலோ. அந்த வாய்க்காலை 2013-இன் உணவுப் பாதுகாப்புச் சட்டம் வெட்டி வைத்திருந்தது. ஜன் தன் கணக்குகளும் தயாராகத்தான் இருந்தன. ஏறத்தாழ 20 கோடிப் பெண்களுக்குப் பணம் போனது: மாதம் 500 ரூபாய், மூன்றே மாதம்.