800 வெள்ளிக்கு உயிரியல்: பெட்டியா, நுண்ணோக்கியா, மாத்தாங்கா, தோட்டமா?

மலேசியாவின் பேராக் மாநிலத்தில், சுங்கை சிப்புட்டில் கோயில் மண்டபத்தை ஒட்டிய ஓர் அறையில் சனிக்கிழமை காலை அறிவியல் வகுப்பு நடத்துகிறேன். படிவம் 1 முதல் 3 வரை 11 பிள்ளைகள். தமிழ்ப்பள்ளியில் அறிவியலைத் தமிழில் படித்துவிட்டு, இடைநிலைப்பள்ளிக்குப் போனதும் மலாயில் படிக்கத் தடுமாறுகிறவர்கள். இந்த ஆண்டு பெற்றோர்கள் சேர்ந்து 800 வெள்ளி (ரிங்கிட்) திரட்டிக் கொடுத்து, "டீச்சர், பிள்ளைங்க கையால செஞ்சு பார்க்கிற மாதிரி ஏதாவது வாங்குங்க" என்றார்கள்.

பேச்சு அதோடு நிற்குமா? ஓர் அப்பா ஷோப்பி இணையக் கடையில் பார்த்த சோதனைப் பெட்டிதான் வேண்டும் என்றார். இன்னொருவர் வேன் பிடித்து மாத்தாங் அலையாத்திக் காட்டுக்குக் கூட்டிப்போகச் சொன்னார். எனக்கோ நுண்ணோக்கி மேல் கண். பேரனைக் கூட்டிப்போக வந்த ஒரு பாட்டி, "இதுக்கு ஏன் காசு? செம்பனைக்குள்ள போய்ப் பாருங்க" என்று எண்ணெய்ப்பனைத் தோட்டத்தைச் சொல்லிவிட்டு நடையைக் கட்டினார். கடந்த ஒன்றரை ஆண்டில் இந்த நான்கையும் இரவல் வாங்கியோ சொந்தக் காசைப் போட்டோ ஒரு முறையாவது செய்து பார்த்துவிட்டேன். அந்த அனுபவத்தில் எழுதுகிறேன்.

பெட்டியைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. விதை, பஞ்சு, குழாய், படம் போட்ட தாள் எல்லாம் அளந்து வைத்திருக்கும். தாளில் சொன்னபடி செய்தால் சொன்னபடி வரும். வராவிட்டால் "பெட்டி சரியில்லை டீச்சர்" என்று மூடி வைத்துவிடுவார்கள். ஏன் வரவில்லை என்று யாரும் கேட்பதில்லை. கேட்டாலும் மறுபடி செய்ய உள்ளே பொருள் இருக்காது. பச்சைப்பயறைப் பஞ்சில் போட்டு ஒன்றை அலமாரியிலும் ஒன்றை ஜன்னலோரத்திலும் வைப்பதற்குப் பெட்டி எதற்கு? சொல்லித்தர ஆளில்லாமல் வீட்டில் தனியாக இருக்கும் பிள்ளைக்கு வேண்டுமானால் வாங்கிக் கொடுக்கலாம். கைப்பேசிச் செயலிகளும் ஏறக்குறைய இதே கதைதான். ஆனால் கையால் செய்யவே முடியாத விஷயங்களுக்கு அவை நன்றாக உதவுகின்றன. கொலராடோ பல்கலைக்கழகத்தின் ஃபெட் தளத்தில் முயல்களை வைத்து இயற்கைத் தேர்வைக் காட்டும் விளையாட்டு ஒன்று இருக்கிறது. பல தலைமுறை முயல்களை 10 நிமிடத்தில் வேறெங்கே பார்ப்பது? அது இலவசம் என்பதால் இந்தப் போட்டியில் சேர்க்கவில்லை.

நுண்ணோக்கிக்கு வருகிறேன். படிவம் 1-இல் செல் என்பது தனிப் பாடம். பள்ளி ஆய்வுக்கூடத்தில் ஒரு நுண்ணோக்கிக்கு ஐந்து பேர் நின்றார்களாம். என் பிள்ளைகளில் பாதிப் பேர் 'பார்த்தேன்' என்று சொன்னதெல்லாம் பாடநூல் படத்தைத்தான் என்று பின்னால் தெரிந்தது. தெரிந்தவரிடம் ஒன்றை இரவல் வாங்கி வந்து, வெங்காயத்தின் உள்தோலை உரித்து, ஒரு சொட்டு அயோடின் விட்டு, எல்லாரையும் பார்த்து வரையச் சொன்னேன். முதல் மாணவி நல்ல கனத்த கறுப்பு விளிம்போடு அழகான வட்டங்களாக வரைந்து வந்தாள். "செல் டீச்சர்!" நானும் தலையாட்டப் பார்த்தேன். குனிந்து பார்த்தால் அத்தனையும் காற்றுக் குமிழி. மூடு கண்ணாடியை நேராகப் போட்டு அழுத்தினால் காற்று உள்ளே சிக்கிக்கொள்ளும். ஒரு விளிம்பைத் தண்ணீரில் வைத்து, பல்குத்தும் குச்சியால் தாங்கிச் சாய்வாக இறக்க வேண்டும். மூன்றாவது தடவை அவளே இறக்கினாள். செங்கல் சுவர் மாதிரி வரிசையாகக் கட்டங்கள், ஒவ்வொன்றிலும் மஞ்சளாக ஒரு புள்ளி. எது குமிழி, எது செல் என்று அதற்குப் பிறகு அவள்தான் மற்றவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தாள். பெட்டியில் இது நடக்காது.

அடுத்த வாரம், வாசலில் அழகுக்கு வைப்பார்களே, இலையின் அடிப்புறம் ஊதாவாக இருக்கும் செடி, அதன் அடித்தோலை உரித்து வைத்தோம். மூடு கண்ணாடியின் ஓரத்தில் உப்புத் தண்ணீர் ஒரு சொட்டு; மறு ஓரத்தில் டிஷ்யூ தாள் வைத்து இழுக்க, ஊதா நிறம் மெல்லச் சுருங்கிச் சுவரை விட்டு விலகியது. 'டிண்டிங் செல்' என்று மனப்பாடம் செய்த செல்சுவர் தனியாக நின்றதைக் கண்ணால் பார்த்தார்கள். நல்ல தண்ணீர் விட்டதும் ஊதா திரும்ப விரிந்தது. உடனே இன்னொரு தடவை உப்பு விடக் கேட்டார்கள். நான்கு தடவை விட்டோம்.

வாங்குகிறவர்களுக்கு இரண்டு வார்த்தை. 1200 மடங்கு என்று பெட்டியில் கொட்டை எழுத்தில் போட்டு விற்கும் பிளாஸ்டிக் நுண்ணோக்கி வேண்டவே வேண்டாம். படம் பெரிதாகும், தெளிவு வராது. கண்ணாடி லென்ஸ், பெரிய திருகு, நுண் திருகு, அடியில் விளக்கு, 40, 100, 400 மடங்கு இருந்தால் போதும். வெங்காயத்துக்கு 100 தாராளம். நம் ஊர் ஈரப்பதத்தில் லென்ஸில் பூஞ்சை பிடிக்கும். சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு மூடிய டப்பாவில் வையுங்கள்.

காகித நுண்ணோக்கியும் உண்டு. ஸ்டான்ஃபோர்டில் மனு பிரகாஷின் குழு 2014-இல் வெளியிட்ட ஃபோல்ட்ஸ்கோப். மடித்துச் செய்வது, 140 மடங்கு காட்டும், சட்டைப்பையில் போட்டுக்கொண்டு எங்கும் போகலாம். ஒரு பிள்ளைக்கு ஒன்று கொடுக்கலாம் என்பது பெரிய விஷயம். ஆனால் கண்ணோடு ஒட்டிப் பார்க்க வேண்டும், கை ஆடினால் போச்சு. 'அங்கே பார்' என்று பக்கத்தில் நின்று காட்டவும் முடியாது. குமிழியை நான் கண்டுபிடித்திருக்க மாட்டேன்.

மாத்தாங். ஏறக்குறைய 40,000 ஹெக்டர், 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்து முறை வைத்து வெட்டி நட்டுப் பராமரிக்கும் காடு. மரத்தில் இருக்கும்போதே முளைத்து முருங்கைக்காய் போலத் தொங்கும் பாக்காவ் என்னும் அலையாத்தி மரத்தின் கன்று, சேற்றுக்கு மேலே நீட்டிக்கொண்டிருக்கும் மூச்சுவேர், ஈரத் தோலால் மூச்சுவிட்டபடி சேற்றில் தாவும் மீன். படிவம் 2-இன் சூழல் மண்டலப் பாடத்துக்கு இதைவிட என்ன வேண்டும்? எங்களுக்கு வாய்த்தது வேறு. போகும் வழியில் கோலாகங்சாரில் இறங்கி, 1877-இல் வந்த கன்றுகளில் எஞ்சியதாகச் சொல்லப்படும் பால்மரத்தை, அதாவது ரப்பர் மரத்தைப் பார்த்தோம், படம் பிடித்தோம், ரொட்டி சானாய் சாப்பிட்டோம். மாத்தாங் போய்ச் சேர்ந்தபோது நீர் ஏற்றம். சேறு முழுக்கத் தண்ணீருக்கடியில். மீனும் இல்லை, நண்டும் இல்லை. வற்று நேரத்தைப் பார்த்துக் கிளம்பாதது என் தப்பு. வேன் காசு போனது போனதுதான். நாளைக்குத் திரும்பி வரலாம் என்று சொல்ல முடியாத தூரம்.

இனி அந்தப் பாட்டி சொன்னது. தோட்டத்து ஊர்ப் பிள்ளைகளுக்குத் தோட்டம் தெரியும் என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். தோட்டத்து லயத்து வீடுகளை விட்டுத் தாமான் குடியிருப்புக்கு வந்து எத்தனை வருஷமாகிறது! என் 11 பேரில் செம்பனைக்குள் கால் வைத்தவர்கள் இரண்டே பேர். மற்றவர்களுக்கு அது பள்ளிப் பேருந்தின் ஜன்னலில் ஓடும் பச்சை.

நிர்வாகியிடம் அனுமதி வாங்கி, களைமருந்து அடிக்காத வாரமாகப் பார்த்து, எல்லாருக்கும் பூட்ஸ் மாட்டி, குலை வெட்டும் பக்கம் போகாமல், மறுநடவு செய்த இளமரங்கள் இருக்கும் இடத்துக்குப் போனோம். மட்டை அடுக்கிய இடங்களில் பாம்பு இருக்கும் என்பதால் நடுப்பாதையை விட்டு யாரும் விலகக் கூடாது. பாட்டியும் வந்தார். விரல் விரலாக நீட்டிக்கொண்டிருந்த ஓர் ஆண்பூக் கொத்தைக் காட்டி மோந்து பார்க்கச் சொன்னார்.

"சோம்பு!"

சோம்பு வாசனைதான். கீழே வெள்ளைத் துண்டை விரித்து, கொத்தைக் குச்சியால் இரண்டு தட்டுத் தட்டினோம். துண்டில் கொட்டிய கறும்பழுப்புத் தூசி நடக்க ஆரம்பித்தது. கூன்வண்டுகள், ஒவ்வொன்றும் எள்ளளவு. கேமரூன் நாட்டிலிருந்து கொண்டுவந்து 1981-இல் மலேசியத் தோட்டங்களில் விட்டார்கள். அதற்கு முன்? பாட்டி சொன்னார்: "நாங்கதான் வண்டு. பூத்தூளை டால்க் பவுடரோட கலந்து ஒவ்வொரு பெண்பூவுக்கும் ஊதுவோம்." பெண்பூவும் அதே வாசனையை விடும். வண்டு முட்டையிட்டுப் பெருகுவதோ ஆண்பூவில்தான். பெண்பூவுக்கு ஏமாந்து போய், உடம்பில் ஒட்டிய மகரந்தத்தைக் கொட்டிவிட்டுத் திரும்புகிறது. ஒரு பையன் கேட்டான்: "அப்போ பூ பொய் சொல்லுதா டீச்சர்?" மகரந்தச் சேர்க்கைக்கு மலாயில் சொல்லும் பெண்டெபுஙாஆன் என்ற சொல்லை அதற்குப் பிறகு நான் விளக்கவே இல்லை.

அங்கேயே எலியைப் பிடிக்கக் கூகைக்காகக் கம்பத்தின் மேல் பெட்டி வைத்திருக்கிறார்கள். கூகை எலியை முழுதாக விழுங்கி, செரிக்காத மயிரையும் எலும்பையும் உருண்டையாகக் கக்கிவிடும். அமெரிக்கப் பள்ளிகளில் இந்த உருண்டையைக் காசு கொடுத்து வாங்கிப் பிரிக்கிறார்கள். இங்கே கம்பத்தின் அடியில் கிடக்கிறது. கையுறை போட்டுப் பொறுக்கி, அலுமினியத் தாளில் சுற்றி, அதற்கென்றே ஒதுக்கிய பழைய ஓவனில் நன்றாகச் சூடாக்கினேன். எலிக்காய்ச்சல் பயம் எனக்கும் உண்டு. ஓர் அம்மாவுக்கு வேறு பயம்: "ஆந்தை எச்சத்தையா தொட வைக்கிறீங்க? வீட்டுக்கு ஆகாதே!" எச்சம் இல்லை, வாயால் கக்கியது என்றேன். அது அவருக்கு எந்த விதத்தில் ஆறுதல் என்று தெரியவில்லை.

கோயில் மண்டபத்தில் எலும்பை எடுத்துப் பிரிக்க முடியாது. என் வீட்டு கார் நிறுத்தும் இடத்தில் செய்தித்தாள் விரித்தோம். ஆட்டு இதயம் அறுத்ததும் அங்கேதான். ஓர் உருண்டையில் மூன்று கீழ்த்தாடைத் துண்டுகள், முன்பல் ஆரஞ்சு நிறத்தில். மூன்று எலி என்றாள் ஒருத்தி. இல்லை, எலியின் கீழ்த்தாடை இரண்டு பாதியாகப் பிரியும், அதனால் இரண்டு எலி என்றான் இன்னொருவன். மூன்றும் இடது பக்கத் துண்டாக இருந்தால்? துண்டுகளைத் திருப்பித் திருப்பி வைத்து அரை மணி நேரம் வாதாடினார்கள். 'குறைந்தது இரண்டு' என்று கடைசியில் எழுதினார்கள். அந்தக் 'குறைந்தது' எனக்குப் பிடித்திருந்தது.

தோட்டத்தின் குறை என்ன? மழை வந்தால் வகுப்பு போச்சு. செல்லைக் காட்டாது. ஒரே பயிர் என்பதால் உயிர்வகையும் குறைவு. அதையே பாடமாக்க, ராஃபியா கயிற்றால் ஒரு மீட்டர் சதுரம் கட்டி, செம்பனை அடியிலும் ஆற்றோரத்திலும் செடிகளை எண்ண வைத்தேன்.

பாட்டி வேலை செய்த காலத்துப் பால்மரம் ஒன்றிரண்டு இன்னும் ஓரமாக நிற்கின்றன. விடியுமுன் ஏன் வெட்டுவீர்கள் என்று கேட்டதற்கு, "வெயில் ஏறிட்டா பால் இறங்காதுப்பா" என்றார். இரவெல்லாம் நீர் நிரம்பிப் பால்குழாய்கள் அழுத்தத்தோடு இருக்கும். வெயில் ஏறி இலை நீரை இழக்க இழக்க அழுத்தம் குறையும். இது படிவம் 3-இல் செடிக்குள் நீர் கடத்தப்படுவதைச் சொல்லும் பாடம். ஊதா இலையில் உப்புத் தண்ணீர் விட்டதும் சுருங்கியதே, அதேதானா என்று குமிழி வரைந்த மாணவி கேட்டாள்.

எந்தப் பொருளை வாங்குவது என்பது எனக்கு அந்தக் கேள்வியில் முடிவாகிவிட்டது. ஊதா இலையை அவள் பார்த்திராவிட்டால் பாட்டியின் பேச்சு வெறும் பழங்கதை. தோட்டத்துக்குக் காசு வேண்டாம்; நுண்ணோக்கிக்கு வேண்டும். 520 வெள்ளியில் மாணவர் நுண்ணோக்கி ஒன்று வாங்கியாயிற்று. 130 வெள்ளிக்குக் கண்ணாடித் தகடு, மூடு கண்ணாடி, அயோடின், கையுறை, ஆறு பூதக்கண்ணாடி. பெட்டி கேட்ட அப்பாவுக்குக் கொஞ்சம் வருத்தம்தான். மாத்தாங் கேட்டவரிடம் நீர் வற்றும் நேர அட்டவணையைக் கொடுத்து, டிசம்பர் விடுமுறையில் ஒரு நாளைக் குறித்துத் தரச் சொல்லியிருக்கிறேன். மீதி 150 வெள்ளி வேனுக்குப் போதாது. அதை அடுத்த கூட்டத்தில் பேச வேண்டும்.