காது இரைச்சலைக் குணமாக்குகிறோம் என்று வருகிற "இலவச முகாம்": யாழ்ப்பாணத்தில் உள்ளவர்கள் கவனம்

காதுக்குள் ஓயாமல் சத்தம் கேட்கிறவர்கள் யாராவது "இலவசக் காதுப் பரிசோதனை" நோட்டீசைப் பார்த்துவிட்டுப் போக நினைத்திருந்தால், முதலில் இதை வாசியுங்கள். இலவசம் என்று போன இடத்தில் நான் கட்டியது 42,000 ரூபா.

எனக்குக் கேட்பது கீச்சென்ற சத்தம் இல்லை. தூரத்துத் தோட்டத்தில் லாண்ட்மாஸ்டர் உழவு இயந்திரத்தை நிற்பாட்டாமல் விட்டதுபோல இடது காதில் ஒரு உறுமல். பகலில் அவ்வளவாகத் தெரியாது, ஊர் அடங்கினதும் ஏறும். வெளிச் சத்தம் என்றுதான் முதலில் நினைத்தோம். இங்கே மின்சாரம் 50 ஹேர்ட்ஸ், டிரான்ஸ்போமர் அதன் இரட்டிப்பில் 100 ஹேர்ட்ஸில் உறுமும் என்று என் கணவர் சொல்லி, மெயின் சுவிச்சையே நிற்பாட்டிப் பார்த்தார். பிரிட்ஜ் ஓய்ந்தது, என்னுடைய சத்தம் ஓயவில்லை. சாவகச்சேரியில் தங்கச்சி வீட்டில் போய்ப் படுத்தாலும் கூடவே வந்தது.

முகாம் நடந்தது ரவுணுக்குள் வீதியோரமான ஒரு மாடி அறையில். வெள்ளைக் கோட் போட்ட தம்பி ஒருவர், ஒரு லப்டொப், ஒரு ஹெட்போன். யன்னல் திறந்திருந்தது, கீழே பஸ் ஹோர்ன், மேலே ஃபான். சத்தம் கேட்டால் கையைத் தூக்கச் சொன்னார். காதுக்குள் யாரும் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. பார்க்கிற கருவியே அந்த மேசையில் கிடையாது.

அன்று தந்த கிராஃப் இன்னும் என்னிடம் இருக்கிறது. 1000, 2000, 4000, 8000 ஹேர்ட்ஸில் புள்ளி வைத்திருக்கிறார்கள். தாழ்ந்த சுருதிக்குரிய 250, 500 கோடுகளில் ஒன்றுமே இல்லை. என் உறுமல் இருப்பதோ அந்தப் பக்கத்தில்தான். கேட்டேன். "அது தேவையில்லை அக்கா, உங்களுக்கு நரம்பு பலவீனம். மூண்டு மாசக் கோர்ஸ் எடுத்தீங்களெண்டா சரியாகிடும்" என்றார். ஃபானும் பஸ்ஸும் இரைகிற அறையில் தாழ்ந்த சுருதிச் சத்தங்களை ஒழுங்காகச் சோதிக்க முடியாது, வெளி இரைச்சல் அவற்றை விழுங்கிவிடும் என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

கோர்ஸ் என்றது கப்சூலும் காதுக்குள் விடும் எண்ணெயும். கப்சூல் போத்தலில் ஜின்கோ இலைச் சாறு, துத்தநாகம், அதற்குக் கீழே பொடி எழுத்தில் "உணவுத் துணைப்பொருள்". இந்த இரண்டையும் காது இரைச்சலுக்குப் பரிந்துரைக்க வேண்டாம் என்று அமெரிக்கக் காது மூக்குத் தொண்டை மருத்துவர்களின் சங்கம் 2014இலேயே வழிகாட்டி வெளியிட்டிருக்கிறது. குணமாகாவிட்டால் காசு திரும்பத் தருவோம் என்று ஒரு அட்டையும் தந்தார்கள். 30 நாட்களுக்குள் கேட்க வேண்டும் என்று அதன் பின்பக்கத்தில் இருந்தது. குணம் தெரிய 90 நாள் எடுக்கும் என்று சொன்னதும் அவர்களேதான். கெட்டிக்காரர்கள்!

சத்தம் கூடியதே தவிரக் குறையவில்லை. போன் எடுத்தால், "கூடுதெண்டா மருந்து வேலை செய்யுது எண்டு அர்த்தம் அக்கா." பிறகு அந்த நம்பரே வேலை செய்யவில்லை.

காசு போனதைக்கூட விடலாம். என்னோடு அதே எண்ணெயை வாங்கிய முன்வீட்டு ஐயாவுக்கு, ஷெல்லடிக் காலத்தில் கிழிந்த செவிப்பறை மூடாமலே இருந்திருக்கிறது. எண்ணெய் விட்டபிறகு காதால் சீழ் வடியத் தொடங்கிவிட்டது. குண்டுச் சத்தத்தில் செவிப்பறை கிழிந்தவர்கள் எத்தனை பேர் இந்த ஊரில் இருக்கிறார்கள்! காதைப் பார்க்காமல் எண்ணெய் விற்க எப்படி மனம் வந்ததோ.

கடைசியில் யாழ் போதனா வைத்தியசாலையின் காது மூக்குத் தொண்டை கிளினிக்குக்குப் போனேன். வரிசை நீளம்தான், ஆனால் ஒரு சதமும் செலவில்லை. வைத்தியர் முதலில் காதுக்குள் பார்த்தார். காது அடைத்த மாதிரி இருக்கிறதா, தலைச்சுற்று வருகிறதா என்று கேட்டார். சத்தம் புகாத அறைக்குள் இருத்தி எடுத்த ஓடியோகிராமில் (கேட்கும் திறனைக் காட்டும் கிராஃப்), முகாம்காரர் தொடாமல் விட்ட 250, 500 ஹேர்ட்ஸில்தான் இடது காதின் கேட்கும் திறன் இறங்கியிருந்தது. மெனியர் நோயின் தொடக்கமாக இருக்கலாம், உள்காதில் நீர் மிகுவதால் வருவது என்றார். ஒரு பக்கம் மட்டும் என்பதால் எம்ஆர்ஐ ஸ்கானுக்கும் எழுதினார். உப்பைக் குறைக்கச் சொன்னதால் கருவாடும் மோர் மிளகாயும் போய்விட்டன, அந்தத் துக்கம் தனி.

"சத்தத்தை அப்பிடியே அழிக்கிற மருந்து இன்னும் இல்லை அம்மா. ஆனா மூளை அதைக் கவனிக்காமல் விடப் பழகும்" என்றார். நிசப்தத்தில் படுக்க வேண்டாம் என்றதால் இரவில் ஃபானை மெதுவாக ஓடவிடுகிறேன். சத்தம் இருக்கிறது, ஆனால் நித்திரை வருகிறது. கேட்கும் திறன் குறைந்தவர்களுக்குக் காதுக் கருவியும், மனம் மிகவும் நொந்தவர்களுக்கு உளவளத்துணையும் உதவும் என்றார்.

திடீரென்று ஒரு காது கேட்காமல் போனால் அது அவசரம். ஸ்டீரோய்ட் மருந்தை முதல் நாட்களிலேயே தொடங்கினால்தான் பலன் கூட. அப்படிப்பட்ட ஒருவர் இந்த முகாமுக்குப் போய் 90 நாள் காத்திருந்தால் காது போனது போனதுதான். நாடித் துடிப்போடு சேர்ந்து இரைச்சல் அடித்தாலும் உடனே காட்டுங்கள்.

பெயர் கேட்டு எழுதாதீர்கள். அவர்கள் பெயர்ப் பலகையை மாற்றிக்கொண்டே இருக்கிறார்கள், அடுத்தது நெல்லியடிப் பக்கம் என்று கேள்வி. வைத்தியர் என்று சொன்னால் இலங்கை மருத்துவ சபையின் பதிவு இலக்கத்தைக் கேளுங்கள். காசு கட்டுவதானால் முகவரி உள்ள பற்றுச்சீட்டு வாங்குங்கள். என்னைப்போல ஏற்கனவே கட்டியவர்கள் நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபையின் 1977 என்ற நம்பருக்கு எடுத்து முறையிடலாம். போத்தலையும் அட்டையையும் மட்டும் எறிந்துவிடாதீர்கள்.