சமையலறை அலமாரிக்குக் குழந்தைப் பூட்டு: வாங்கலாமா?

மார்த்தாண்டத்தில் ஒரு பாத்திரக்கடையில் வாங்கிய, ஒட்டி மாட்டும் பிளாஸ்டிக் வார்ப் பூட்டு இது. சிங்க் அடியில் ஃபினாயிலும் ஆசிடும் இருக்கும் அலமாரிக்குத்தான் முக்கியமாக வாங்கினோம். சன்மைக்கா கதவில் கெட்டியாகப் பிடிக்கிறது. பழைய பலாமரக் கதவில், அதுவும் தேங்காயெண்ணெய்ப் பிசுக்கு ஏறிய இடத்தில், ஆடிச் சாரல் தொடங்கியதும் ஓரம் கிளம்பி, ஒரு மூலை சுருண்டு, தூசியெல்லாம் பிடித்துக்கொண்டு தொங்குகிறது. ஸ்பிரிட் போட்டுத் துடைத்து ஒட்டி, ஒரு நாள் முழுக்கத் தொடாமல் விட்டால் ஓரளவு நிற்கும்.

திறக்க இரண்டு பட்டனையும் சேர்த்து அமுக்க வேண்டும். ரெண்டு வயசுப் பையனால் முடியவில்லை, சரி. அத்தைக்கும் முடியவில்லை, அது தனிக்கதை.

கூடவே தரும் அடுப்புக் குமிழ் மூடி சுத்த வேஸ்ட், நம்மூர் அடுப்புக்குப் பொருந்தவே இல்லை. சமைத்து முடித்ததும் கேஸ் ரெகுலேட்டரை மூடுங்கள், சிலிண்டரிலிருந்து அடுப்புக்கு வரும் சுரக்‌ஷா டியூபை 5 வருடத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள். அரிவாள்மணை எந்தப் பூட்டுக்குள்ளும் அடங்காது, அப்புறம் அது பரணுக்குப் போய்விட்டது. ஆசிடையும் மேல்தட்டில் வைப்பதே நல்லது. மரக்கதவுக்காரர்கள் விலை கூடினாலும் ஸ்குரூ போடும் காந்தப் பூட்டாகப் பாருங்கள்.