நாலு வருஷம் தீமேட்டிக் சிந்தசிஸோடு

சர்க்கரை நோயாளிகள் மருந்தை ஏன் பாதியில் விடுகிறார்கள் என்று நேர்காணல் எடுத்து எழுதிய ஆய்வுகளைத் திரட்டி ரிவ்யூ செய்வது என் வேலை. புதுச்சேரியில் நாலு வருஷமாக இதே பிழைப்பு. அதிகம் புழங்கியது, தாமஸும் ஹார்டனும் 2008-ல் எழுதிவைத்த தீமேட்டிக் சிந்தசிஸ். பல ஆய்வுகள் சொல்வதைத் தொகுத்து, அவற்றின் மையக் கருத்துகளை, அதாவது தீம்களை, எடுக்கும் முறை.

மூன்று படி. கட்டுரைகளில் கண்டறிந்ததைச் சொல்லும் பகுதியை (ரிசல்ட்ஸ்) வரிவரியாகக் கோடிங் செய்யணும், அதாவது வரி சொல்வதற்கு ஒரு சின்னப் பெயர், 'கோட்', வைக்கணும். ஒத்துப்போகும் கோட்களைச் சேர்த்து விவரிப்புத் தீம் ஆக்கணும். அப்புறம் அதையும் தாண்டி, எந்தக் கட்டுரையும் நேராகச் சொல்லாததைச் சொல்லும் பகுப்பாய்வுத் தீம். முதல் இரண்டும் உட்கார்ந்தால் முடிந்துவிடும். மூன்றாவதில்தான் ஆள் திணறிப்போவோம்.

எங்கள் முதல் ரிவ்யூ அங்கேதான் படுத்தது. 'செலவு', 'மறதி', 'குடும்பம்' என்று பெயர் வைத்து அனுப்பினோம். ஒன்றாக அடுக்கியிருக்கிறீர்கள், அவ்வளவுதான் என்று திருப்பிவிட்டார்கள். எரிச்சல் வந்தது, ஆனால் நியாயம். எக்ஸெலை மூடிவிட்டு, கோட்களைச் சீட்டில் எழுதித் தரையில் பரப்பினோம். கல்யாண வீட்டில் ஊசி போடக் கூசியவர் 'குடும்பம்' குவியலில் இருந்தார். உடம்பு தெம்பாக இருக்கும் நாளில் மாத்திரையைத் தொடாதவர் 'மறதி'யில். கடலூரிலிருந்து தினமும் பஸ்ஸில் வரும் ஜூனியர் இரண்டு சீட்டையும் பக்கத்தில் வைத்துவிட்டு, "இவங்க மறக்கலக்கா, நோயாளின்னு ஒத்துக்க மனசில்ல" என்றாள். அந்த வாக்கியம்தான் எங்கள் முதல் பகுப்பாய்வுத் தீம்.

மெட்டா எத்னோகிராஃபி என்ற இன்னொரு தொகுப்பு முறையையும் ஒரு தடவை முயன்றோம். நோப்ளிட்டும் ஹேரும் 1988-ல் கல்வி ஆய்வுக்காக உருவாக்கியது, ஏழு கட்டம். அதில் வரும் 'மொழிபெயர்ப்பு' என்ற சொல்லைப் பார்த்து, தமிழ்ப் பேட்டிகளை ஆங்கிலமாக்கச் சொல்கிறார்கள் என்று ஒரு வாரம் வீணாக்கினேன்! ஒரு கட்டுரையின் கருத்தை இன்னொன்றின் கருத்தோடு பொருத்திப் பார்ப்பதைத்தான் அப்படிச் சொல்கிறார்கள். ஆழமான கட்டுரைகள் கொஞ்சம் இருந்தால் அருமையான முறை. எங்களிடம் இருந்ததோ மேலோட்டமான கட்டுரைகள், அதுவும் நிறைய. பழைய முறைக்கே திரும்பினோம்.

கிரேட் செர்க்வல் பற்றியும் ஒரு வார்த்தை. ரிவ்யூவில் கிடைத்த ஒவ்வொரு முடிவையும் எவ்வளவு நம்பலாம் என்று நான்கு கோணத்தில் பார்ப்பது: ஆய்வு முறையின் குறை, தரவோடு பொருத்தம், தரவு போதுமா, நம் கேள்விக்கு அது உதவுமா. அலுப்பு பிடித்த வேலைதான். எல்லாவற்றுக்கும் 'மிதம்' போட்டுவிட்டுப் போகலாம் என்று கை அரிக்கும். 'போதுமா' என்ற இடத்தில்தான் நான் இப்போது நிற்கிறேன். எனக்கு ரொம்பப் பிடித்த தீம் ஒன்று, இரண்டே கட்டுரையை நம்பி நின்றது. அதற்கு 'குறைவு' போட்டேன்.