மொட்டை மாடியில் நட்சத்திரம் பார்க்க: பைனாகுலரா, டெலஸ்கோப்பா?

எங்கள் வீட்டு மொட்டை மாடிக்கு 38 படி. திருச்சியில், நாலா பக்கமும் தெருவிளக்கு எரியும் சாதாரண மாடிதான். அந்தப் படிகளில் மூன்று விதமான கருவிகளைத் தூக்கிக்கொண்டு ஏறியிருக்கிறேன்: ஒரு 10×50 பைனாகுலர் (10 மடங்கு பெரிதாக்கும், 50 மி.மீ. லென்ஸ்), 70 மில்லிமீட்டர் லென்ஸ் வைத்த சின்ன டெலஸ்கோப், அப்புறம் 6 அங்குலக் கண்ணாடி வைத்த, பெட்டியில் உட்காரும் டாப்சோனியன் வகை டெலஸ்கோப். "பையன் டெலஸ்கோப் கேட்கிறான், எது வாங்கலாம்?" என்று யாராவது கேட்டால், "உங்கள் மாடிக்கு எத்தனை படி?" என்றுதான் முதலில் திருப்பிக் கேட்பேன்.

விளையாட்டுக்குக் கேட்பதில்லை. இரவு சாப்பாடு முடிந்து, வானம் திறந்திருக்கிறது என்று ஜன்னல் வழியாகத் தெரிகிற அந்த நேரத்தில் எதை எடுத்துக்கொண்டு மேலே போகத் தோன்றுகிறதோ, அதுதான் உங்களுக்கு உண்மையில் வானத்தைக் காட்டும். பைனாகுலரைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு ஒரு நிமிடத்தில் மாடிக்குப் போய்விடலாம். 70 மி.மீ. டெலஸ்கோப்பை விரித்து, டிரைபாட் கால்களைச் சரிசெய்து, குறிபார்க்கும் சின்னக் குழாயை ஒழுங்குபடுத்தப் பத்துப் பதினைந்து நிமிடம். டாப்சோனியனுக்கு இரண்டு நடை: முதலில் அடிப்பெட்டி, அப்புறம் குழாய். இரண்டும் சேர்ந்து 15 கிலோ சொச்சம்.

பெட்டியில் போட்டிருக்கும் மடங்குக் கணக்கை நம்பி வாங்கவே வாங்காதீர்கள். 450 மடங்கு, 525 மடங்கு என்று கொட்டை எழுத்தில் இருக்கும். லென்ஸின் அகலம் எத்தனை மில்லிமீட்டரோ, அதைப் போல இரண்டு மடங்குதான் உருப்படியாகக் கிடைக்கும். 70 மி.மீ. லென்ஸ் என்றால் 140 மடங்கு, அதுவும் காற்று அசையாமல் நிற்கும் இரவில். அதற்கு மேல் போனால் உருவம் பெரிதாகும், கூடவே மங்கிக் கலங்கிப் போகும். பார்க்க வேண்டிய எண், லென்ஸ் அல்லது கண்ணாடியின் அகலம். 6 அங்குலக் கண்ணாடி, 70 மி.மீ. லென்ஸைப் போல நாலரை மடங்கு வெளிச்சத்தைச் சேர்க்கும். அதனால்தான் அத்தனை கனத்தையும் பொறுத்துக்கொள்கிறோம்.

அருந்ததியை வைத்து ஒரு சோதனை

மூன்று கருவிகளையும் ஒரே இடத்துக்குத் திருப்பிப் பார்த்தால் வித்தியாசம் சட்டென்று புரியும். மார்ச் முதல் ஜூன் வரை முன்னிரவில் வடக்கே சப்தரிஷி மண்டலம் நிற்கும். அதன் வாலில் கடைசியிலிருந்து இரண்டாவது வசிட்டர், அவரை ஒட்டி மங்கலாக அருந்ததி. வெறுங்கண்ணுக்கு இருவரும் பிரிந்து தெரிய வானம் தெளிவாக இருக்க வேண்டும். திருச்சி வெளிச்சத்தில் எனக்குப் பாதி நாள் அருந்ததி தெரிவதில்லை.

பைனாகுலரில் எந்தச் சந்தேகமும் இல்லை. இருவரும் நல்ல இடைவெளி விட்டுத் தனித்தனியாக நிற்பார்கள். சின்ன டெலஸ்கோப்பில் 70 மடங்கு வைத்துப் பார்த்தால் வசிட்டரே இரண்டாகப் பிரிந்துவிடுவார்: ஒட்டி உட்கார்ந்த இரண்டு வெள்ளைப் புள்ளிகள், ஒன்று கொஞ்சம் மங்கல். அருந்ததிக்கும் வசிட்டருக்கும் நடுவே உள்ள தூரத்தில் ஐம்பதில் ஒரு பங்குதான் அந்த இடைவெளி. பைனாகுலரை எவ்வளவு அசையாமல் பிடித்தாலும் அது பிரியாது. இங்கே டெலஸ்கோப்புக்குத்தான் வெற்றி.

ஆனால் என் அத்தைக்கு நான் காட்டியது பைனாகுலரில். கல்யாணமாகி நாற்பது வருடம் கழித்து முதல் தடவையாகப் பார்த்தார்கள். "அன்னைக்குப் பட்டப்பகல்ல பந்தல் கூரையைக் காட்டி, தெரியுதாம்மான்னு கேட்டாங்க. தெரியுதுன்னேன்" என்று சொல்லிவிட்டு, கண்ணை எடுக்காமல் வெகுநேரம் நின்றார்கள். டெலஸ்கோப்பில் அவர்கள் ஒரு கண்ணை மூடி, குனிந்து, ஐபீஸை, அதாவது கண் வைக்கும் சின்ன லென்ஸை, தேடுவதற்குள் நட்சத்திரம் நகர்ந்து போயிருக்கும். வயதானவர்களுக்கும் சின்னக் குழந்தைகளுக்கும் இரண்டு கண்ணாலும் நிமிர்ந்து பார்ப்பதுதான் இயல்பாக வருகிறது.

எது எங்கே தோற்கும்

கார்த்திகைக் கூட்டம் பைனாகுலருக்கென்றே அமைந்த மாதிரி. வானத்தில் நாலு முழுநிலாவைப் பக்கம் பக்கமாக வைத்த அகலத்துக்குப் பரவியிருக்கிறது. 10×50 பைனாகுலரின் பார்வை வட்டத்தில் பதின்மூன்று நிலாவை வரிசையாக அடுக்கலாம். கூட்டம் முழுவதும் உள்ளே அடங்கி, சுற்றிலும் இருட்டும் மிஞ்சும். வெறுங்கண்ணுக்கு ஆறாகத் தெரிவது அங்கே முப்பது நாற்பது ஆகும். அதையே டெலஸ்கோப்பில் 70 மடங்கில் வைத்தால் கூட்டத்தின் ஒரு மூலைதான் கிடைக்கும். ஊரை விட்டு விலகி, பச்சைமலைப் பக்கம் இருட்டான இடத்துக்குப் போனால் ஆந்திரமேடா விண்மீன் மண்டலமும் இப்படித்தான். 25 லட்சம் ஒளியாண்டு தொலைவில் இருந்தும் அது வானத்தில் அவ்வளவு இடத்தை அடைத்துக்கொண்டிருக்கிறது. அகன்ற பார்வைக்குத்தான் அதன் நீண்ட வடிவம் புலப்படும்.

நிலாவில் மூன்றுக்குமே வேலை இருக்கிறது. நாள் மட்டும் பார்த்துப் போங்கள். பௌர்ணமியில் நிழல் விழாததால் எல்லாம் தட்டையாக வெளுத்துத் தெரியும். வளர்பிறை அஷ்டமியை ஒட்டி, வெளிச்சமும் இருட்டும் சந்திக்கும் கோட்டில் பள்ளங்களின் விளிம்பு நிழலோடு எழுந்து நிற்கும். இதற்குத் தனியாக ஆப் தேவையில்லை. சுவரில் தொங்கும் தினசரி காலண்டரே போதும். திதி பார்த்தால் எவ்வளவு நிலா என்று தெரியும். அன்றைய நட்சத்திரம் ரோகிணி என்றிருந்தால் நிலா அந்தச் சிவந்த ரோகிணிப் பக்கம் நிற்கிறது என்று அர்த்தம். மங்கலானவற்றைத் தேட அமாவாசைக்கு முன்பின் ஐந்து நாட்கள்.

சனிக்கு வந்தால் பைனாகுலர் கையை விரித்துவிடும். 10 மடங்கில் சனி ஒரு மஞ்சள் புள்ளி, அவ்வளவுதான். வளையம் வேண்டுமென்றால் குறைந்தது 25, 30 மடங்கு வேண்டும், 70 இருந்தால் திருப்தி. 2025 மார்ச்சில் அந்த வளையம் நமக்கு விளிம்பைக் காட்டித் திரும்பியது; இனி சில வருடங்களுக்கு விரிந்துகொண்டே போகும். முதல் தடவை வளையத்தைப் பார்க்கிற எவரும் டெலஸ்கோப்புக்கு முன்னால் படம் ஒட்டியிருக்கிறதா என்று ஒருமுறை எட்டிப் பார்ப்பார்கள். இந்த ஒரு காட்சிக்காகவே டெலஸ்கோப் வாங்குகிறேன் என்று யாராவது சொன்னால் நான் மறுத்துப் பேசமாட்டேன். வியாழனின் நாலு நிலாக்கள் பைனாகுலரிலேயே தெரியும், அசையாமல் பிடித்தால். 1610 ஜனவரியில் கலீலியோ சுமார் 20 மடங்கு குழாயில் கண்டதை இன்று கழுத்தில் தொங்குகிற கருவியில் பார்க்க முடிகிறது. வியாழனின் மேல் ஓடும் பட்டைகளுக்கு டெலஸ்கோப்தான்.

ஸ்டாண்டில்தான் விஷயம் இருக்கிறது

70 மி.மீ. டெலஸ்கோப்பின் லென்ஸில் எனக்கு ஒரு குறையும் இல்லை. அதோடு வரும் டிரைபாட்தான் பாடாய்ப்படுத்துகிறது. மெல்லிய அலுமினியக் கால். ஃபோகஸ் குமிழைத் தொட்டாலே சனி மேலும் கீழும் குதிக்கும், அடங்கச் சில விநாடி ஆகும். பூமி சுழல்வதால் 70 மடங்கில் கிரகம் மூன்று நிமிடத்துக்குள் வட்டத்தை விட்டு வெளியே போய்விடும். திரும்பப் பிடிக்கத் தொட வேண்டும், தொட்டால் ஆட்டம். ஆசையாக வாங்கிய பல டெலஸ்கோப்கள் பரணுக்குப் போவது இதனால்தான்.

நகரும் கிரகத்தைச் சுலபமாகப் பின்தொடர, துருவ நட்சத்திரத்தைக் குறிவைத்துச் சாய்த்து நிறுத்துகிற ஸ்டாண்டும் கிடைக்கும், விலை கூட. நம் ஊருக்கு அது அவ்வளவாக ஒத்துவராது. துருவ நட்சத்திரம் அந்தந்த ஊரின் அட்சரேகை அளவுக்குத்தான் அடிவானத்திலிருந்து உயர்ந்திருக்கும். திருச்சியில் 11 டிகிரிகூட இல்லை. பக்கத்து வீட்டுத் தண்ணீர்த் தொட்டி மறைத்துவிடும். அந்த ஸ்டாண்டுகளில் பல, வடக்கே உள்ள நாடுகளுக்காகச் செய்தவை. இவ்வளவு தாழச் சாய்த்தால் எதிர் எடைக் கம்பி டிரைபாட் காலில் இடிக்கும்.

டாப்சோனியன் இந்தத் தொல்லை எதுவும் இல்லாதது. ஒட்டுப்பலகைப் பெட்டி, அதில் உட்கார்ந்த குழாய். இடம் வலமாகத் தள்ளலாம், மேலே கீழே சாய்க்கலாம், அவ்வளவே. இதை உருவாக்கிய ஜான் டாப்சன் 1915இல் பெய்ஜிங்கில் பிறந்து, சான் பிரான்சிஸ்கோவில் ராமகிருஷ்ண இயக்கத்தைச் சேர்ந்த வேதாந்த மடத்தில் இருபது வருடத்துக்கு மேல் துறவியாக இருந்தவர். கப்பல் ஜன்னலின் தடித்த கண்ணாடியைக் கையால் தேய்த்து வளைவாக்கினார், அட்டைக் குழாயில் பொருத்தினார், தெருவோரம் நிறுத்திப் போகிற வருகிறவர்களையெல்லாம் கூப்பிட்டு நிலாவைக் காட்டினார். மடம் 1967இல் அவரை வெளியேற்றியது. அடுத்த வருடமே நடைபாதை வானியலாளர்கள் என்ற அமைப்பைத் தொடங்கி அதே வேலையை ஊர் ஊராகக் கொண்டுபோனார். எனக்கு அந்த மனிதர் மேல் தனி மரியாதை.

இதில் பராமரிப்பு ஒன்று உண்டு. கண்ணாடிகள் அசைந்துவிட்டால் நேராக்க வேண்டும். பழகினால் ஐந்து நிமிட வேலை. ஏப்ரல், மே மாதங்களில் காங்கிரீட் தளம் பகல் முழுக்கக் குடித்த சூட்டை இரவில் கக்கும்போது, அதிக மடங்கில் கிரகம் தண்ணீருக்கு அடியில் இருப்பதுபோல நெளியும். நள்ளிரவு தாண்டியோ விடிகாலை நாலு மணிக்கோ பார்த்தால்தான் அடங்கும். பைனாகுலருக்கு இந்தச் சூடு ஒரு பொருட்டே இல்லை.

தையல் மிஷின் செய்த உதவி

பைனாகுலரின் பலவீனம் கை நடுக்கம். இரண்டு நிமிடம் தூக்கிப் பிடித்தால் நட்சத்திரம் கோடு போட ஆரம்பித்துவிடும். அதற்கும் டிரைபாட் வாங்கலாம்தான். நான் அம்மாவின் கால் மிஷினில் ஒரு மணல் பை தைத்துக்கொண்டேன், மாடிக் கைப்பிடிச் சுவரின் மேல் வைக்க. பழைய ஜீன்ஸின் தொடைப் பகுதியில் ஒரு சாண் அகலம், ஒன்றரைச் சாண் நீளத்துக்கு இரண்டு துண்டு. ஜீன்ஸுக்கு 16ஆம் நம்பர் ஊசி போட வேண்டும், மெல்லிய ஊசி மடிப்பில் பட்டதும் உடையும். நல்ல பக்கங்கள் உள்ளே இருக்கும்படி வைத்து, ஓரத்தில் இரட்டைத் தையல் ஓட்டி, நாலு விரல் வாய் விட்டு, திருப்பிப் போட்டேன். முதலில் அரிசி நிரப்பியதில் வண்டு வந்தது. இப்போது கழுவிக் காயவைத்த மணல், உள்ளே ஒரு பிளாஸ்டிக் பையில். முக்கால் பங்குதான் நிரப்ப வேண்டும். அப்போதுதான் நடுவில் அமுக்கினால் பைனாகுலர் பள்ளம் பறித்து உட்காரும். அந்தப் பையில் சாய்த்து வைத்துத்தான் வியாழனின் நாலு நிலாக்களையும் முதன்முதலாக எண்ணினேன்.

மிச்சத் துணியோடு கறுப்புக் காடாத்துணி சேர்த்து, தலையோடு மூடிக்கொள்ள ஒரு முக்காடும் தைத்தேன். தெருவிளக்கு பக்கவாட்டில் கண்ணில் அடிக்காமல் இருந்தால் மங்கலான நட்சத்திரங்கள் கூடுதலாகவே தெரிகின்றன. எந்தக் கருவிக்கும் இது உதவும், செலவும் இல்லை.

ஒரு பைனாகுலரை நான் கெடுத்தும் இருக்கிறேன். வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் தோல் உறைக்குள் போட்டு பீரோவில் வைத்துவிட்டேன். ஜனவரியில் எடுத்தால் லென்ஸுக்குள் சிலந்தி வலை மாதிரி பூஞ்சை. அதற்குப் பிறகு எல்லாம் காற்றுப் புகாத பிளாஸ்டிக் டப்பாவில், சிலிக்கா ஜெல் பைகளோடு. டெலஸ்கோப் ஐபீஸ்களுக்கும் அதே டப்பா.

மலிவு டெலஸ்கோப் சிலவற்றோடு, ஐபீஸில் திருகி மாட்ட 'சூரிய ஃபில்டர்' என்று ஒரு சின்னக் கறுப்புக் கண்ணாடி கொடுப்பார்கள். அதைத் தூக்கி எறிந்துவிடுங்கள். சூரியனின் சூடு குவிந்து விழும் இடத்தில் அது இருக்கிறது. விரிசல் விட்டால் அந்தக் கணமே கண் போய்விடும். பைனாகுலரும் சூரியன் பக்கம் திரும்பக் கூடாது. குழந்தைகள் இருக்கும் வீட்டில் கருவி இருட்டிய பிறகுதான் வெளியே வர வேண்டும்.

என் தீர்ப்பு

ஒன்றுதான் வாங்க முடியும் என்றால் 10×50 பைனாகுலர். ஒரு வருடம் அதோடு வானத்தைச் சுற்றிப் பழகியவர் பிறகு எந்த டெலஸ்கோப் வாங்கினாலும் எங்கே திருப்புவது என்று தடுமாறமாட்டார். 20×80 மாதிரிப் பெரியதற்குப் போகாதீர்கள், கையில் நிற்காது. இரண்டாவதாக வாங்கும்போது 70 மி.மீ. டெலஸ்கோப்பைத் தாண்டி நேரே டாப்சோனியனுக்குப் போய்விடலாம் என்பது என் கருத்து. படி அதிகம் என்றால் மேசை மேல் வைக்கிற 130 மி.மீ. டாப்சோனியன் இருக்கிறது, 6 கிலோதான். ஏற்கெனவே வீட்டில் 70 மி.மீ. இருந்தால் விற்க வேண்டாம்: டிரைபாட் கால்களை நீட்டாமல் குட்டையாக வைத்து, நடுவில் ஒரு செங்கல்லைக் கட்டித் தொங்கவிட்டு, நாற்காலியில் உட்கார்ந்து பாருங்கள். ஆட்டம் பாதி குறையும்.

6 அங்குலத்தை நான் விடாமல் வைத்திருப்பதற்குக் காரணம் தெற்கு வானம். நம் தலைக்கு மேல் இருக்கும் இந்தச் சொத்து ஐரோப்பாவில் பெரும்பாலான இடங்களிலிருந்து தெரியவே தெரியாது. ஜவ்வாது மலைக் காவலூரில், 2.34 மீட்டர் கண்ணாடியோடு வைணு பாப்பு வானாய்வகம் இருப்பதற்கும் தெற்கு வானம் நன்றாகத் தெரிவது ஒரு காரணம். மே மாத முன்னிரவில் எங்கள் மாடியிலிருந்து தெற்கே, கையை நீட்டிப் பிடித்து அளந்தால் சுமார் ஒன்றரைச் சாண் உயரத்தில், ஒமேகா சென்டாரி என்ற நட்சத்திரக் கொத்து வரும். சுமார் 17,000 ஒளியாண்டு தொலைவில் ஒரு கோடி நட்சத்திரங்கள். பைனாகுலரில் அது ஊதிவிட்ட சாம்பல் உருண்டை. 70 மி.மீ.யில் கொஞ்சம் பெரிய சாம்பல் உருண்டை. டாப்சோனியனில் கண்ணை வைத்து, மூச்சை அடக்கி அரை நிமிடம் பொறுத்தால், உருண்டையின் ஓரம் உதிர ஆரம்பிக்கும், பிறகு நடுவும். கோலமாவைக் கறுப்புத் துணியில் தூவியது மாதிரி புள்ளி புள்ளியாகப் பிரிந்து நிற்கும். அதற்காக மே மாதத்தில், நிலா இல்லாத இரவுகளில், இரண்டு நடையாக 38 படியும் ஏறுகிறேன்.